கட்டளை வரியும் கடற்கரைப் பட்டியலும்



கணிப்பொறியிடம் வேலை வாங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. திரையில் தோன்றும் படங்களைத் தொட்டுக் காட்டுவது ஒன்று. வேண்டியதை ஒரு வரியில் எழுதிக் கட்டளையிடுவது மற்றொன்று. முன்னது கடையில் பொருளைச் சுட்டிக் காட்டி வாங்குவது போன்றது. பின்னது பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது போன்றது. கண்ணெதிரே உள்ளதைச் சுட்ட விரல் போதும். கண்ணுக்குத் தெரியாததைக் கேட்க மொழி வேண்டும். அந்த மொழியை நான் எப்படிக் கற்றேன் என்பதையும், கற்கும்போது என்ன பிழை செய்தேன் என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் குமரிக் கடலைக் கலக்கிச் சென்றது. ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. குளச்சலிலும், மேற்கே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கரையூர்களிலும் யார் வந்தார், யார் வரவில்லை என்று மக்களே பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். கோயிலில் ஒன்று, படகுக்காரரிடம் ஒன்று, உறவினர் கையில் ஒன்று என்று பட்டியல்கள் பெருகின. அவற்றுள் சிலவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒன்றாக்கித் தரும் பணி என்னிடம் வந்தது. ஒரே பெயர் நான்கு தாள்களில் இருந்தது. கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தால் வாரம் ஒன்று கழியும். அவ்வளவு பொறுமை அன்று எந்த வீட்டிலும் இல்லை.

அப்போதுதான் ஷெல் என்னும் கட்டளை வாங்கியின் உதவியை நாடினேன். ஷெல் என்றால் ஓடு. கணிப்பொறியின் உட்கருவைச் சுற்றி ஓடு போல நின்று, நாம் எழுதும் கட்டளையை வாங்கி உள்ளே சேர்ப்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் அமைப்பில் இது வளர்ந்தது. அங்கே உருவான கருவிகள் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும். கிரெப் வேண்டிய சொல் உள்ள வரிகளைப் பொறுக்கும். கட் ஒவ்வொரு வரியிலும் வேண்டிய பத்தியை மட்டும் வெட்டி எடுக்கும். சார்ட் வரிகளை வரிசைப்படுத்தும். யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கும்.

இவற்றை இணைப்பது ஒரு சிறு நெடுங்கோடு. அதற்குப் பைப், அதாவது குழாய், என்று பெயர். டக் மெக்கில்ராய் என்பவர் நெடுங்காலம் வற்புறுத்திய இந்தக் கருத்தை 1973இல் தாம்சன் யூனிக்ஸில் செயல்படுத்தினார். எங்கள் கரையில் மடியிழுத்து முடிந்ததும் ஒருவர் மீனை அள்ளுவார், ஒருவர் இனம் பிரிப்பார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் ஏலம் கூறுவார். ஒருவர் கை விட்டதை அடுத்தவர் கை வாங்கும். குழாயும் அப்படியே, ஒரு கருவி வெளியிடுவதை அடுத்த கருவி உள்வாங்குகிறது.

நான் கட், சார்ட், யூனிக் மூன்றையும் குழாயால் இணைத்தேன். பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் வெட்டியெடுத்து, வரிசைப்படுத்தி, இரட்டித்தவற்றை ஒன்றாக்கினேன். யூனிக் அண்டை வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே வரிசைப்படுத்துவது முந்திய வேலை. ஒரு நொடியில் பட்டியல் சுருங்கியது. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

அன்று மாலை அந்தப் பட்டியலை உரக்கப் படித்தபோது ஒரு முதியவர் கையை உயர்த்தினார். “மக்களே, அந்தப் பேருல ரெண்டு ஆளுல்லா? ஒருத்தன் எங்க தெரு. மத்தவன் கோயிலுக்கு மேற்கே. அவனை எங்கே காணும்?” என்றார்.

எங்கள் கரையில் அந்தோணி, மிக்கேல், சூசை என்னும் பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தந்தையரின் பெயர்களும் அவையே. வீட்டையும் படகையும் குறித்த பத்திகளை நான் முதலிலேயே வெட்டிவிட்டேன். இருவரை வேறுபடுத்தும் செய்தி அந்தப் பத்திகளில்தான் இருந்தது. கருவி சொன்னதைச் செய்தது. தவறாகச் சொன்னவன் நான். பட்டியலில் இல்லாதவனை யார் தேடுவார்கள்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிழை அத்துடன் நிற்கவில்லை. இருவர் ஒருவரானது போல, வேறோர் இடத்தில் ஒருவர் இருவராகியிருந்தார். அந்தோணி என்று இரண்டு வரிகள். ஊர் ஒன்று, வீடு ஒன்று, படகும் ஒன்று. கண்ணுக்கு ஓர் எழுத்தும் மாறவில்லை. பொறியோ இரண்டும் வேறு என்றது. காரணம் தமிழ் எழுத்தில் இருந்தது. நமக்கு அந்தோணி நான்கு எழுத்து. யூனிக்கோடு முறையில் அது ஏழு குறியீடுகள். குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டாக யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டுகள். ஆனால் ‘தோ’வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னே இரட்டைச் சுழியும் பின்னே காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டாவது வகையில் எட்டுக் குறியீடுகள், 24 பைட்டுகள். தட்டச்சு முறை மாறியதால் ஒரு பெயர் இரண்டு பெயராயிற்று. செட் என்னும் கருவியால் இரட்டைக் குறியீடுகளை ஒற்றைக் குறியீடாக மாற்றிய பிறகே ஒப்பீடு சரியாயிற்று.

இவ்வளவும் ஆன பின் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தேன். அதுவே ஷெல் நிரல். புதிய பட்டியல் வரும்போதெல்லாம் அதை ஒருமுறை ஏவினால் போதும். நேற்றுத் திருத்திய பிழை இன்று திரும்பாது. அந்த நிரலில் யூனிக்கின் வேலையையும் மாற்றினேன். இரட்டித்த வரிகளை நீக்காமல் தனியே எடுத்துக் காட்டும்படி அதற்குச் சொல்லலாம். அவ்வாறு கிடைத்த பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கேட்டோம். ஐயத்தைக் காட்டுவது பொறியின் வேலை. தீர்ப்பது மனிதரின் வேலை.

கற்க விரும்பும் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடையைக் கோப்பில் சேமிக்க வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி ஒன்று உண்டு. மூலக் கோப்பின் பெயரையே அதற்குப் பின் எழுதிவிடாதீர்கள். கட்டளை தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். மூலத்தின் படி ஒன்றைத் தனியே வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பழகுவதற்கு விடை தெரிந்த கணக்கையே முதலில் எடுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்கள் பலவற்றை மின்னுரையாக இலவசமாக வழங்குகிறது. திருக்குறளை எடுத்து, தலைப்புகளையும் வெற்று வரிகளையும் நீக்கி, குறளின் அடிகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். 1,330 குறளுக்கு 2,660 அடிகள் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வள்ளுவரைக் குறை கூறாமல் உங்கள் கட்டளையை மீண்டும் படியுங்கள். எந்த வரி விடுபட்டது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

அந்தத் தேடும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டால், பின்னொரு நாள் உங்கள் கைக்கு வரும் பட்டியலில் குறளின் அடிகளுக்குப் பதில் மனிதரின் பெயர்கள் இருக்கும்போது, அவருள் ஒருவரும் விடுபட மாட்டார்.