மதிப்பெண்ணும் கல்வியும்

ஒரே கல்லூரி இருவரை இருவகையாக நிறுத்துப் பார்த்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரி 1880-இல் உ.வே. சாமிநாதையரைத் தமிழாசிரியராக ஏற்றது. பட்டம் ஏதுமில்லை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டிருந்தார், தியாகராச செட்டியார் பரிந்துரைத்தார், அவ்வளவே. 1904-இல் அங்கு மாணவராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். பள்ளியில் பரிசுகள் பெற்ற பிள்ளை! கணிதத்திலேயே ஆழ்ந்தார்; ஆங்கிலத்தில் தவறினார்; உதவித்தொகை போயிற்று; வீட்டைவிட்டே வெளியேறினார். விதிப்படி நடந்ததுதான். எனினும் மதிப்பெண் அவர் கல்லாததையே எண்ணியது. கற்றதை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை அவர் தேறவில்லை. ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்சு பட்டம் தந்தது, 1916-இல்.