சூரைச்செடியின் அடியில்

(வானொலி மறையுரை)



சுவிட்சை அணைத்தால் விசைத்தறி நின்றுவிடும். மனித மூளை அப்படி நிற்பதில்லை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் சில பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு, நடந்ததையும் நடக்கப்போவதையும் நம்மைப் பற்றியும் அசைபோட்டுக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்கஸ் ரெய்க்கிளும் அவருடைய குழுவினரும் 2001-இல் இதை விளக்கினார்கள்.

மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் இந்த இணைப்புகள் மாறியிருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. இணைப்பு அதிகமாக இறுகியிருப்பதாக முன்பு வந்த பல ஆய்வுகள் கூறின. சீனாவில் 1,300 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஆய்வோ, நோய் மறுபடி மறுபடி வந்தவர்களிடம் அது தளர்ந்திருப்பதாகக் கூறியது. ஆகவே ஒருவருடைய ஸ்கேனைப் பார்த்து மட்டும் இந்நோயை உறுதிசெய்ய முடியாது. மருத்துவர் பேசித்தான் கண்டறிகிறார். ஆனால் இந்த நோயில் உடலுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்நோயைச் சந்திக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு 200 பேர் வந்தால், அவர்களில் 10 பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடனில் தறி ஓட்டுபவராக இருக்கலாம், வாரக்கணக்கில் வீடு திரும்பாத லாரி ஓட்டுநராக இருக்கலாம், அண்மையில் குழந்தை பெற்ற தாயாக இருக்கலாம். அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? "செபம் போதவில்லை", "விசுவாசம் இல்லை", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்."

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். கார்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி கண்டவர், ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவைக் கேட்டார். அவருக்கா விசுவாசம் இல்லை? கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் மறுபடி படுத்தபோது மறுபடியும் வந்தார். பயணம் எவ்வளவு தூரம் என்பது கடவுளுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீட்டிலும் அன்பியத்திலும் அப்படிச் செய்வோம். இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒருவர் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி ஒடுங்கியிருந்தால், அருகில் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கூடவே சென்று வாருங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

செபிப்பதையும் விடவேண்டாம். நோயாளியின் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு, அவர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். ஒருமுறை தட்டித் திறக்காவிட்டால், வானதூதரைப் போல இரண்டாம் முறையும் செல்லுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.