எங்கிருந்தும் வராத பணம்



தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழுவது பெரும்பாலும் ஒரு செல்வந்தரின் உருவம்தான். காசோலையில் கையெழுத்திடும் கரம், நன்கொடையாளரின் பெயர் பொறித்த கல்வெட்டு, மேடையில் போர்த்தப்படும் பொன்னாடை ஆகியவை ஈகையின் அடையாளங்களாக நம் கண்களுக்குப் பழகிப் போய்விட்டன. ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்று விசாரிக்கிறோம். கொடுத்த பின் அவரிடம் எவ்வளவு எஞ்சியது என்று விசாரிப்பதில்லை. கொடுத்த காரணத்தால் அவர் எதை இழக்க நேர்ந்திருக்கும் என்பதை நினைத்தும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த இரண்டு கறுப்பினப் பெண்மணிகளைப் பற்றி இன்று உங்களிடம் கூற விழைகிறேன். அவர்கள் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். தேவாலயத்திற்குச் சென்று வந்தவர்கள். எனினும் மறைவாகக் கொடுப்பதன் சிறப்பையும், தன் கையால் உழைத்து ஈட்டியதிலிருந்து கொடுப்பதன் சிறப்பையும் ஆண்டாண்டு காலமாக மிம்பர்களில் கேட்டு வருபவர்கள் நாம். இவர்களுடைய வாழ்வைக் கேட்டால் நம் கணக்கை நாமே ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலாமவர் ஒசியோலா மெக்கார்ட்டி அம்மையார். 1908ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, ஹேட்டிஸ்பர்க் என்னும் ஊரில் வளர்ந்தவர். ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தாயின் சகோதரி நோயுற்று நடக்க இயலாமல் போனார். அவரைக் கவனித்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்டு நின்ற சிறுமி, பிறகு அங்கே திரும்பவே இல்லை. பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுப்பதே அவருக்குத் தொழிலாயிற்று. பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்துத் துணிகளை அவித்து, பலகையில் தேய்த்து, கொடியில் உலர்த்தி, பெட்டி போட்டு மடித்துக் கொடுப்பார். 1960களில் ஒரு சலவை இயந்திரத்தை வாங்கிப் பார்த்தார். அதன் வெளுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் தேய்ப்புப் பலகைக்கே திரும்பிவிட்டார். தொழிலில் அவருக்கிருந்த நேர்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

அவருக்குக் கார் கிடையாது. எங்கும் நடந்தே சென்றார். மூட்டுவாதத்தால் கைகள் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான், 86 வயதில், தொழிலை நிறுத்தினார். அதற்குள் வங்கியில் அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வளர்ந்து இரண்டரை இலட்சம் டாலரையும் தாண்டியிருந்தது. தமக்குப் பின் இதை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு வந்தபோது, பத்து நாணயங்கள் அவர் முன் வைக்கப்பட்டன. ஒவ்வொரு நாணயமும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றைத் தம் தேவாலயத்திற்கென ஒதுக்கினார். மூன்றை உறவினர்களுக்கு ஒதுக்கினார். எஞ்சிய ஆறையும் ஏழை மாணவர்களின் படிப்பிற்காகத் தம் ஊரிலுள்ள தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார். 1995ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அந்தத் தொகை 1,50,000 டாலர்.

அந்தக் கல்விக்கூடத்தின் பழைய வரலாற்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1950களின் பிற்பகுதியில் க்ளைட் கென்னார்டு என்ற கறுப்பின இளைஞர், இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், அங்கே சேர மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணமாக வைத்து அவரைச் சேர்க்க மறுத்தார்கள். அத்துடன் விட்டார்களா? 25 டாலர் பெறுமானமுள்ள கோழித் தீவனத் திருட்டுக்கு உடந்தை என்று பொய்க் குற்றம் சாட்டி, 1960ஆம் ஆண்டு அவருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். சிறையில் புற்றுநோய் முற்றிய நிலையில் விடுவிக்கப்பட்டு, 1963இல் அவர் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தண்டனையை நீக்கியது 2006இல்! கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக அங்கே அனுமதிக்கப்பட்டதே 1965ஆம் ஆண்டுதான், அவ்விருவரும் பெண்கள்.

இவை அனைத்தும் மெக்கார்ட்டி அம்மையார் துணி வெளுத்துக்கொண்டிருந்த அதே ஊரில் நடந்தவை. தம் இளமைக் காலம் முழுவதும் தம் இனத்தாருக்கு மூடிக் கிடந்த வாசலுக்கே தம் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பழைய பகையைக் கணக்கிட்டிருந்தால் அந்த ஆறு நாணயங்கள் வேறு எங்கோ போயிருக்கும். அவருடைய கணக்கில் இருந்தவர்களோ இனி படிக்க வரவிருக்கும் பிள்ளைகள்.

அவருக்கு அமெரிக்க அதிபர் பதக்கம் அணிவித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. 1999ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய பெயரை உலகம் அறிந்துகொண்டது. ஆனால் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் கொடுத்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைக் காண நாம் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கி, மிசிசிப்பியை அடுத்துள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரிக்குச் செல்ல வேண்டும்.

சமையலறையிலிருந்து ஒரு போராட்டம்

அந்நகரின் பேருந்துகளில் பயணம் செய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள். ஆயினும் முன்னிருக்கைகள் வெள்ளையர்களுக்கே உரியவை. முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தி, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடியும் ஏறும்படி ஓட்டுநர்கள் இவர்களை விரட்டுவர். இறங்கியவர் பின்வாசலை அடையும் முன்பே வண்டியை எடுத்துச் சென்றுவிடுவதும் உண்டு. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணிக்கு 1955ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நேர்ந்தது இதுவே. காசும் போயிற்று, வண்டியும் போயிற்று. இனி இந்தப் பேருந்துகளில் ஏறுவதில்லை என்று அன்றே அவர் முடிவு செய்துவிட்டார். ஆறு பிள்ளைகளின் தாயான அவர் எங்கும் நடந்தே செல்லலானார்.

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அன்றிரவே, கல்லூரி ஆசிரியையான ஜோ ஆன் ராபின்சன் உறங்காமல் இருந்து பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். டிசம்பர் 5ஆம் நாள் புறக்கணிப்பு தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயது இளம் போதகர் அதன் தலைவரானார். ஒரு நாளைக்கு என்று தொடங்கியது 381 நாட்கள் நீடித்தது.

மேடைப் பேச்சு மக்களை எழுப்பும். எழுந்த மக்களை வேலைக்கும் வீட்டிற்கும் கொண்டு சேர்க்க வண்டி வேண்டுமே! ஏறத்தாழ 300 கார்கள் முறை வைத்து ஓடின. தேவாலயங்கள் தம் பெயரில் பெரிய வண்டிகளை வாங்கி விட்டன. பெட்ரோல், டயர், பழுதுபார்ப்பு என ஒவ்வொரு நாளும் பணம் கரைந்தது. வண்டிகளின் காப்பீட்டை உள்ளூரில் இரத்துச் செய்ய வைத்தார்கள்; இறுதியில் இலண்டன் வரை சென்று காப்பீடு பெற வேண்டியதாயிற்று. போராட்டங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பேச்சாளர்களின் பெயர்களைத் தவறாமல் எழுதுகிறார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தவர் யார் என்று எழுத மறந்துவிடுகிறார்கள்.

கில்மோர் அம்மையார் தம் தோழியரிடம் ஒரு சிறு தொகையைத் திரட்டிக் கோழி, ரொட்டி, கீரை வாங்கினார். சாண்ட்விச் செய்து, போராட்டக் கூட்டத்திற்கு வந்தவர்களிடம் விற்றார். விற்ற பணம் போராட்டத்திற்கு. பிறகு பொரித்த மீன், கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு என்று வகைகள் பெருகின. முடிதிருத்தகங்களிலும் பெண்களின் சிகையலங்காரக் கடைகளிலும் விற்பனை நடந்தது. வெள்ளையர்களிலும் வாங்கியவர்கள் இருந்தனர்.

சமைத்துக் கொடுத்த பெண்கள் யார்? பகலெல்லாம் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து பிழைத்தவர்கள். தம் அடுப்பில் வெந்த உணவு போராட்டத்திற்குப் பணமாகிறது என்று எசமானிக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இராது. குடியிருக்கும் வீட்டிற்கும் உத்தரவாதம் இராது. ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், “எங்கிருந்தும் வரவில்லை” என்றே சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களுடைய குழுவின் பெயரும் அதுவேதான்: ‘எங்கிருந்தும் வராதோர் சங்கம்’!

யார் சமைத்தார், யார் வாங்கினார், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற முழு விவரமும் கில்மோர் அம்மையார் ஒருவருக்கே தெரியும். வாரந்தோறும் கூட்டத்தில் அவர் எழுந்து நடந்து வந்து தொகையை அறிவித்துப் பணத்தை ஒப்படைப்பார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். தொகை வெளியே வந்தது. பெயர்கள் அவருடைய நெஞ்சிலேயே தங்கின. அவை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மறைவாகக் கொடுப்பதை நாம் ஒரு நற்பண்பாகக் கருதுகிறோம், அது சரியே. அப்பெண்களுக்கோ அது அன்றாடச் சோற்றைப் பணயம் வைத்து ஆடிய ஆட்டம். கைதட்டல் அரங்கில் ஒலித்தபோது, தமக்குத்தான் அது என்று அறிந்தும் எழுந்து நிற்க இயலாமல் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்திருந்த பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

நகரின் மற்றொரு பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற பெண்மணி ‘தோழமைச் சங்கம்’ என்ற பெயரில் வேறொரு குழுவைத் தொடங்கினார். எந்தக் குழு இந்த வாரம் அதிகம் திரட்டும் என்று இரண்டிற்கும் இடையே போட்டி. போட்டியிலும் நல்லது உண்டு போலும்.

1956ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிங் மீது வழக்கு நடந்தபோது, பேருந்து ஓட்டுநர்களின் கொடுமைகளைப் பற்றிக் கில்மோர் அம்மையார் சாட்சிக் கூண்டில் ஏறி வெளிப்படையாகக் கூறினார். மற்றவர்களின் பெயர்களை மறைத்தவர், தம் பெயரை மறைக்கவில்லை. அதன் விளைவு, உணவு விடுதியில் அவர் பார்த்து வந்த சமையல் வேலை பறிபோயிற்று.

இங்கே அந்தச் சமுதாயம் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தியாகம் செய்தவரைப் பாராட்டி அனுப்பிவிட்டு, பிறகு அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் விட்டுவிடும் பழக்கம் எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. கிங் அவ்வாறு விடவில்லை. வீட்டிலேயே சமைத்து விற்குமாறு ஊக்கப்படுத்தி, அதற்குப் பண உதவியும் செய்தார். விடியும் முன்பே எழுந்து அவர் சமைக்கத் தொடங்க, அந்தச் சிறிய வீடு உணவகமாயிற்று. கூலித் தொழிலாளரும் வழக்கறிஞரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டனர். கிங் தம் தோழர்களுடன் கலந்தாலோசனை செய்ததும் பலமுறை அங்கேதான்.

பேருந்துகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததைத் தொடர்ந்து, 1956 டிசம்பர் 20இல் புறக்கணிப்பு முடிவுற்றது. அம்மையாரின் பணி முடியவில்லை. 1957இல், வெள்ளையர்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவின் வழியே சென்ற அவருடைய மகனைக் காவலர்கள் அடித்தனர். அவர் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார். பூங்காக்களில் பாகுபாடு கூடாது என்று 1959இல் தீர்ப்பும் பெற்றார். கறுப்பினப் பிள்ளைகளுடன் பகிர்ந்துகொள்வதைவிட எவருக்கும் இல்லாமல் போவதே மேல் என்று எண்ணிய நகராட்சி, பூங்காக்கள் அனைத்தையும் பல ஆண்டுகள் பூட்டியே வைத்தது. வெறுப்பு தன் பிள்ளைகளின் விளையாட்டையும் பறித்துக்கொள்ளும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

1990ஆம் ஆண்டு மார்ச் மாதம். செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு வாக்குரிமை கோரி மக்கள் நடந்த பேரணியின் 25ஆம் ஆண்டு நினைவு நாள் வந்தது. நினைவாக நடந்து வருபவர்கள் பசியோடு வருவார்களே என்று 70 வயதான கில்மோர் அம்மையார் அதிகாலையிலேயே எழுந்து சமைக்கத் தொடங்கினார். கோழி பொரித்தார், பாலாடைக்கட்டி சேர்த்து மக்ரோனி செய்தார். அன்றே உடல்நலம் குன்றி உயிர் நீத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு, அவர் சமைத்து வைத்திருந்த அந்த உணவையே குடும்பத்தார் பரிமாறினார்கள்.