முகம் தெரியாதவங்களுக்கும் ஒரு சொம்பு தண்ணி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு முன்னால பேசினவங்க சேமிப்பு, கடன், தவணை எல்லாம் புள்ளி விவரத்தோட சொல்லிட்டாங்க. நான் பேசப் போறது கணக்கு நோட்டுல வராத விஷயம்.

தமிழ்நாட்டுல அரசு உதவியோட சுய உதவிக் குழு முதல்ல ஆரம்பிச்சது 1989-ல, நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். அன்னையிலேர்ந்து நாம கத்துக்கிட்டது, தெரிஞ்சவங்களை நம்பறது. ஒரு குழுவுல 12 பேர், மிஞ்சிப் போனா 20 பேர். யார் வீட்டுல என்ன கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும். அடமானம் இல்லாம உள்கடன் குடுக்கறோம்னா ஆளைத் தெரியுங்கிற ஒரே தைரியம்தான். அது நம்ம பலம், இல்லேங்கல. ஆனா நம்ம நோட்டுல பேரே இல்லாத ஒரு பொம்பளை தெருவுல வந்து நின்னா அவங்களுக்கு நாம யாரு?

பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வெச்சிருப்பாங்க. தலைச்சுமையோட வர்றவங்க, இறக்கிவிட ஆள் இல்லேன்னா, அது மேல தானே சுமையை இறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்கலாம். வயித்துல புள்ளையோட இறந்துபோன பொண்ணோட நினைவா, அந்தக் குடும்பத்தார் நட்டு வெக்கறது வழக்கம். யோசிச்சுப் பாருங்க. வீட்டுல ரெண்டு உசுரு போயிருக்கு. அந்தத் துக்கத்துலயும், யாருன்னே தெரியாத ஒரு பொம்பளையோட கழுத்து வலியை நினைச்சிருக்காங்க. இப்ப அந்தக் கல்லுல பிளெக்ஸ் பேனர் கட்டறாங்க, அது வேற கதை.

இதுக்கு நேர் எதிரா நடந்ததையும் சொல்லணும். 2018 மே மாசம், பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். சென்னைக் குடும்பம் ஒண்ணு குலதெய்வக் கோயிலுக்குக் கார்ல வந்தாங்க. வழி தெரியாம நிறுத்திக் கேட்டாங்க. 65 வயசு அம்மா ஒருத்தங்க அங்க இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்தாங்க. அந்தச் சமயத்துல, புள்ளை புடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்புல பொய்ச் செய்தி சுத்திக்கிட்டிருந்தது. கூட்டம் சேர்ந்து அடிச்சதுல அந்த அம்மா செத்துட்டாங்க. கூட வந்தவங்களுக்கும் பலத்த காயம்.

குழந்தையைப் பார்த்தா கையில ஏதாவது குடுக்கறது நாம எல்லாரும் செய்யறதுதானே? நானும் செய்யறேன், நீங்களும் செய்யறீங்க. அந்தக் கூட்டத்துல ஒரு பொம்பளை முன்னாடி வந்து, "எந்தக் கோயிலும்மா? உங்க குலதெய்வம் எது? இப்படி உட்காருங்க"ன்னு ஒரு சொம்பு தண்ணி குடுத்திருந்தா, ஓங்கின கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும்னு நான் நம்பறேன். சந்தேகமே இருந்தாலும் 100-க்கு போன் பண்ணிட்டு, போலீஸ் வர்ற வரைக்கும் உட்கார வெச்சுப் பேசலாம். அதுல நமக்கு என்ன நஷ்டம்? நம்ம கூட்டமைப்பு வாட்ஸ்அப் குரூப்புல அந்த மாதிரி செய்தி வந்தா தயவு செஞ்சு அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க. அனுப்பினவங்க தலைவியா இருந்தாலும் அழிக்கச் சொல்லுங்க.

"நல்லது செய்யப் போய் வம்புல மாட்டிக்கிட்டா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பேங்க்ல ஒரு பாட்டி செலானை நீட்டி, "எழுதிக் குடு தாயி"ன்னா எழுதிக் குடுங்க. எழுதினதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க, பணத்தை மட்டும் அவங்களே எண்ணிக் கட்டட்டும். ஏடிஎம்ல கார்டை நீட்டினா கையில வாங்காதீங்க, ரகசிய நம்பரையும் கேக்காதீங்க. உதவற மாதிரி வந்து ஏமாத்தறவங்களும் இருக்காங்க. பேங்க் ஆளுங்ககிட்ட கூட்டிட்டுப் போய் விட்டாலே போதும், அதுவும் உதவிதான்.

ரோட்டுல அடிபட்டுக் கிடந்தா 108-க்கு போன் பண்ணுங்க. கேஸ், கோர்ட்டுன்னு அலையணுமேங்கிற பயம் வேண்டாம். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, உதவி செஞ்சவங்க மேல வழக்குப் போடக் கூடாது, பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. 2021 டிசம்பர்லேர்ந்து நம்ம மாநிலத்துல 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கு. பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரிகள்ல, அடிபட்டவங்க எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு அவசர சிகிச்சை இலவசம்.

போன மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ஒடிசாப் பொண்ணு, செங்கல் சூளைக்கு வந்த குடும்பம், காய்ச்சல் புள்ளையோட ஓரமா நின்னுக்கிட்டிருந்தா. சீட்டு எங்க வாங்கறதுன்னு தெரியல, கேக்க நம்ம பாஷையும் தெரியல. வரிசை அவளைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தது. எங்க குழு அக்கா ஒருத்தங்க திருப்பூர் கம்பெனியில வேலை செஞ்சப்போ கத்துக்கிட்ட நாலு வார்த்தை இந்தியை வெச்சுக்கிட்டுக் கூடவே போனாங்க. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்தை எத்தனை வேளைன்னு விரலைக் காட்டிச் சொல்லி அனுப்பினாங்க. மொத்தம் முக்கால் மணி நேரம். அன்னைக்கு அக்காவுக்கு நூறு நாள் வேலைக்கு நேரமாயிடுச்சு, மேஸ்திரிகிட்ட திட்டும் வாங்கினாங்க. "எம் பொண்ணும் கட்டிக்கிட்டு பெங்களூர்லதான இருக்கா, அவளுக்கும் அங்க பாஷை தெரியாது"ன்னு மட்டும் சொன்னாங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. பங்குனி வெயில் ஆரம்பிச்சாச்சு. நம்ம கூட்டமைப்புக் கட்டடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்லயே இருக்கு. வாசல்ல ரெண்டு மண் பானை வெக்கணும். காலையில கழுவி ஊத்தற முறையை வாரத்துக்கு ஒரு குழுன்னு பிரிச்சுக்கலாம். முதல் வாரம் எங்க குழு எடுத்துக்குது. செயற்குழுவுல டம்ளருக்குச் சங்கிலி போடணும்னு ஒரு பேச்சு வந்தது. சங்கிலி வேண்டாம். போனா ஒரு டம்ளர், நான் வாங்கி வெக்கறேன்.