கையேடும் அதன் அடைவும்



களஞ்சியம் நிறைந்திருந்து, எப்பொருள் எங்குள்ளது என்று காட்டுவார் இல்லையாயின், தேடி வந்தவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். யூனிக்சு வழிவந்த இயங்குதளங்களில் நெடுங்காலம் இந்நிலையே இருந்தது. கையேட்டுப் பக்கங்களோ ஆயிரக்கணக்கில்! அவற்றுள் வேண்டியதைக் காட்டுதற்கென 'ஆப்ரப்போ' எனும் கருவியைப் பெர்க்கிலியில் பில் சாய் என்பார் 1979இல் எழுதினார்.

அது கண்டதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் பெயரும் அதனைத் தொடர்ந்த ஒற்றைவரி விளக்கமுமே. கோப்பைப் படியெடுக்கும் கட்டளையின் வரியில் 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். 'டூப்ளிகேட்' என்று தேடுபவனுக்கு அக்கட்டளை அகப்படாது. ஆசிரியன் ஆண்ட சொல்லை முன்பே அறிந்தவனுக்கே விடை. அச்சொல்லை அறிந்தவன் தேடுவானேன்?

மூலநிரலை எவர்க்கும் திறந்துவைத்த இரு குழுவினர் இக்குறையை நீக்க முனைந்தனர். நெட் பி.எசு.டி. குழுவில் 2011இல் தொடங்கிய பணி பக்கம் முழுவதையும் அடைவில் ஏற்றி, பொருத்தம் மிக்கவற்றை முன்னே நிறுத்தியது. ஓபன் பி.எசு.டி. குழுவின் வழி வேறு. அவர்கள் கையேடுகளை எழுதும் குறிமொழி, இது தெரிவுக்குறி, இது பிழைக்குறி, இது கோப்பின் இருப்பிடம் என ஒவ்வொரு சொல்லின் இனத்தையும் சுட்டுவது. பக்கத்தை அழகுற அமைக்கப் பயன்பட்ட அக்குறிகளையே கிறித்தாப்சு தசோன்சன்சும் இங்கோ சுவார்சேயும் தேடலுக்குத் திறவுகோலாக்கினர். வட்டில் இடமில்லை எனும் பிழைக்குறியை எவ்வெப் பக்கங்கள் பேசுகின்றன என்று கேட்டால், அவை மட்டுமே வரும். இப்புதுக்கருவி 2014இல் 5.6ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

அடைவைச் சேமிக்க முதலில் எசுக்யூலைட்டு எனும் பிறர் ஆக்கிய பொறியை நம்பியிருந்தனர். 2016இல் அதனை விலக்கித் தமக்கெனச் சிறு கோப்பமைப்பொன்றை வகுத்துக்கொண்டனர். அடைவுக் கருவி ஒன்றற்காக அத்துணைப் பெரும் பொறியைச் சுமப்பானேன்?

எனினும் இனக்குறிகளை அறியாப் புதியவனுக்கு நெட் பி.எசு.டி.யின் வழியே எளிது என்பதை மறைத்தல் நேர்மையன்று. மற்றொரு தடையும் உண்டு. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எனத் தோற்றத்தை மட்டும் உரைக்கும் பழைய குறிமொழியில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்றும் பல. அவற்றுள் எச்சொல் பிழைக்குறி, எச்சொல் கோப்பு என்று கருவி அறியமாட்டாது. பெயரும் ஒற்றைவரியுமே அங்கு மீண்டும் எஞ்சுகின்றன. அப்பக்கங்களை ஒவ்வொன்றாக எவரேனும் அமர்ந்து திருத்தி எழுதவேண்டும்.