மனு எழுதாத தெரு



'அமெரிக்கப் பொதுவாழ்வில் விடை காணாத கேள்விகள்' என்பது இந்த அறக்கட்டளை எனக்குத் தந்த தலைப்பு. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் திருவனந்தபுரத்தில் நாம் கூடியிருக்கும் ஆரியசாலைக்குக் கூட்டி வரப்போகிறேன். அரசாங்கம் தன் குடிமக்களோடு எந்த மொழியில் பேச வேண்டும்?

அமெரிக்காவில் 1975-இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இன்றைய வடிவில் அதன்படி, ஸ்பானிஷ், ஆசிய, பழங்குடி மொழிக்குழு ஒன்றில், ஆங்கிலம் போதுமான அளவு தெரியாத வாக்காளர்கள் ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு மேலோ நூற்றுக்கு ஐந்துக்கு மேலோ இருந்து, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால், வாக்குச்சீட்டு அவர்கள் மொழியிலும் வந்தாக வேண்டும். தலையை எண்ணுவது அரசாங்கத்தின் வேலை. யாரும் மனுப்போட வேண்டியதில்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கு 'ஆசிய இந்தியர்' என்றதோடு நின்றுவிட்டது. இந்தியருக்கு எது மொழி? நகரம் வங்க மொழியைத் தேர்ந்தது. 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். பழைய பிரிவும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் என்பது அங்கே தீராத விவகாரம்.

நம் ஊர்ச் சட்டம் வேறு மாதிரி. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். உள்ளூர் அலுவலகங்களுக்கு எழுத மட்டும் அந்தப் பகுதி மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தாராளமான சட்டம்தான். ஆனால் அது எழுதுபவனுக்காகக் காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். இங்கிருந்து செயலகம் நடந்து போகும் தூரம். இந்த அவையில் எத்தனை பேர் அங்கே தமிழில் ஒரு கடிதம் போட்டிருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை.

நாம் ஏன் எழுதுவதில்லை? 'வந்த இடத்தில் ஏன் வம்பு' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வந்த இடமா? திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்துதான் இங்கே வந்தது. திவான் ராஜா கேசவதாஸ் இங்கே சாலைக் கம்போளம் என்னும் கடைவீதியை உருவாக்கியபோது நாஞ்சில் நாடும் இந்த ஊரும் ஒரே அரசு. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. அதற்கு முன் 1954-இல் அந்த இணைப்புக்காக எழுந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடும் நடந்தது. இடம் பெயராமலே நாம் சிறுபான்மை ஆனோம்.

நவராத்திரிக்கு நம் தெருவுக்கு வரும் விருந்தாளியைப் பாருங்கள். வேளிமலைக் குமாரசுவாமி பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியோடும் முன்னுதித்த நங்கையோடும் புறப்பட்டு, ஆரியசாலை பகவதி கோயிலில் தங்குகிறார். நங்கைக்குச் செந்திட்டைக் கோயில், சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். வழியில் களியக்காவிளையில் மாநில எல்லை. அங்கே வரவேற்பு, போலீஸ் மரியாதை எல்லாம் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழக மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. சாமிக்கும் அரண்மனைக்கும் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு மாநிலம் வசதி செய்யச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 350அ பிரிவும் அதே 1956-இல் சேர்ந்ததுதான். வசதி குறைந்தது பாதி உண்மை. நம் பிள்ளைகளை நாமே ஆங்கிலவழிக்கு அனுப்பிவிட்டோம் என்பது மீதி.

இன்னொரு சிக்கல், செயலகம் எந்தத் தமிழில் பதில் எழுதும்? சாலைக் கம்போளத்தில் கடை நடத்திக்கொண்டே அதைக் கதையாக எழுதினார் ஆ. மாதவன். அவருடைய மனிதர்கள் மலையாளம் ஊறிய தமிழ் பேசுகிறார்கள். அது அரசாணைத் தமிழும் அல்ல, சென்னைப் பாடநூல் தமிழும் அல்ல. குயின்ஸ் பகுதியில் 'இந்தியர்' என்று ஒற்றைப் பெயரில் அடைத்த தவறை நாமும் 'தமிழர்' என்ற பெயரில் செய்யலாம். கோட்டை அக்ரகாரமும் சாலைப் பலசரக்குக் கடையும் தேவிகுளம் தேயிலைத் தோட்டமும் ஒரே குரலில் பேசியதில்லை.

ஆகவே அறக்கட்டளையாருக்கு ஒரு யோசனை. அடுத்த ஆண்டு சொற்பொழிவை நிறுத்திவிட்டு, அதற்கான வட்டிப்பணத்தில் தமிழில் மனு எழுதித் தர ஒருவரை இந்தத் தெருவில் உட்கார வையுங்கள். கிள்ளியாற்றுச் சாக்கடையோ முதியோர் ஓய்வூதியமோ எதற்கு வேண்டுமானாலும் எழுதட்டும். வரும் பதில்களைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். இன்று எனக்குத் தரவிருக்கும் சன்மானத்தை அவருடைய முதல் மாதச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.