அருகில் நிற்றல்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



‘அசிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘உதவு’ என்றே நாம் வகுப்பில் பொருள் எழுதினோம். அதன் இலத்தீன் வேரோ ‘அருகில் நில்’ என்கிறது. நமது ‘துணை நிற்றல்’ அதற்கு நெருங்கிய உறவு. ‘ரிலீஃப்’ வேறு சொல், பாரத்தைத் தூக்கிவிடுவது. அதையே நாம் நிவாரணம் என்கிறோம்.

1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பின்னும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னும் நமது வாவிக்கரைக்கு நிவாரணம் வந்தது. கல்லடியிலும் நாவலடியிலும் எல்லாம் இழந்தவர்களுக்கு அரிசியும் கூடாரமும் அவசியமாயிருந்தன. ஆனால் பாரம் இறக்கிய லொறி திரும்பிப் போய்விடும். பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்பியது, பக்கத்தில் நின்ற மனிதர்தான்.

ஆகவே நமது நூற்றாண்டு நிதியிலும் அந்த வேறுபாட்டைக் காப்போம். உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் படம் பிடிக்க வேண்டாம். பணம் அவர்களது வங்கிக் கணக்குக்குச் செல்லட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்மில் ஒருத்தி, உயர்தரப் பரீட்சை முடியும்வரை அருகில் நிற்போம்.